பாதிக் காதுக்காரனின் கணுக்கால்

எண்பதுகளில் மூவுலகையும் நடுங்கவைத்த வடக்குப்பட்டு கபடி அணியின் இடது கார்னர் அடியேன்தான் என்பதை அகிலம் அறியும்.

ஃபைனலுக்கு முன் எங்களுக்கே உதறல். கோச் ஆரோக்கியம் தினமும் சாயங்காலம் எங்களைக் கண்ணை மூடி உட்காரச் சொல்வார்.

"பனைமர உசரத்துல, பாதிக் காது இல்லாதவன் ஒருத்தன் பாடி வர்றான். பயப்படாத. காலப் புடி."

ஒரு மாதம் மனசுக்குள்ளேயே பிடித்தோம்.

ஃபைனலில் கடைசி ரெய்டுக்கு அவனே வந்தான். அதே உயரம், அதே பாதிக் காது. பழகிய ஆள்தானே, எனக்குப் பயமே வரவில்லை. கணுக்காலைப் பிடித்தேன், கோப்பை எங்களுக்கு.

கோச் மட்டும் வெளிறிப்போனார். "நான் சும்மா சொன்ன ஆளுடா அது."

இன்று காலை சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் அவன் நின்றிருந்தான். எனக்குத் தலை முழுக்க நரை. அவனுக்கு ஒரு முடிகூட நரைக்கவில்லை. நொண்டிக்கொண்டே கிட்டே வந்தான்.

"இன்னா நைனா, ஆட்டம் முடிஞ்சு நாப்பது வருசம் ஆச்சு. உங்க ஆளு ஒருத்தன் இன்னும் தினம் கண்ண மூடிக்கினு என் காலப் புடிக்கிறான். போதும்னு சொல்லு. வலிக்குது."

பழைய டீம்காரர்களே, சத்தியமாக நானில்லை. எவன்யா அது? கமெண்டில் ஒப்புக்கொண்டு, அந்தக் காலை விட்டுவிடு.