ஜெர்மனியின் குடம்

ஞானபாக்கியம் எங்கள் தெரு அங்கன்வாடியில் ஆயா. ராயபுரத்தில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மூக்கைத் துடைத்துவிட்டவள் அவள்தான். பத்தாவது தேறினால் அங்கேயே டீச்சர் ஆகலாம் என்று நாற்பது வயதில் தனித்தேர்வு எழுதினாள். கணக்கில்கூடத் தேறிவிட்டாள். சமூக அறிவியல்தான் இரண்டு தடவை காலை வாரிவிட்டது. இந்த முறையும் போனால் வெளியிலிருந்து வேறொருத்தியைப் போட்டுவிடுவோம் என்று மேலே இருக்கிறவர்கள் சொல்லிவிட்டார்கள்.

நான் ஜானட். இட்லி மாவு அரைத்து விற்கிறேன். நான் எப்போதோ பத்தாவது முடித்தவள் என்பதால் பாக்கியம் சாயங்காலம் புத்தகத்தோடு என் வீட்டுக்கு வருவாள், நான் கேள்வி கேட்பேன். நதி, மலையெல்லாம் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. முதல் உலகப் போர் என்றால் மட்டும் பேய் முழி முழிப்பாள். யார் யாரோடு கூட்டு, எவன் எவனுக்காக வந்தான், ஒன்றும் மண்டையில் நிற்காது. எனக்கோ பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. ஒருத்தன் செத்ததற்கு இத்தனை நாடு எதற்குடி வரிந்துகட்டிக்கொண்டு வருகிறது என்று கத்துவேன். திட்டு அவளுக்கா, அந்த நாடுகளுக்கா என்று எனக்கே தெரியாது.

ஒருநாள் தண்ணீர் லாரி வந்தபோது யாரோ யாருடைய குடத்தையோ நகர்த்த, வரிசையில் லேசாக வாய்ச்சண்டை. பாக்கியம் இடுப்பில் வெறுங்குடத்தோடு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று சாயங்காலம் புத்தகத்தைத் திறக்காமலே மொத்தப் போரையும் ஒப்பித்துவிட்டாள்.

எப்படி என்கிறீர்கள்? போன கோடையில் எங்கள் தெருவில் நடந்த பெரிய சண்டையை வைத்துத்தான். ஷிபின் என்கிற பையன் பந்தடித்துக் கிறிஸ்டினாவின் குடத்தை உடைத்தான். கிறிஸ்டினா ஆஸ்திரியா, ஷிபின் வீடு செர்பியா. பையனுக்காக வந்த அவன் அத்தை ரஷ்யா. அத்தைக்காக இறங்கி வந்த மாடி வீட்டுக்காரி பிரான்ஸ். சண்டைக்கே சம்பந்தமில்லாமல் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மலிகா பெல்ஜியம். அவள் துணியை மிதித்துக்கொண்டு ஒருத்தி பாய்ந்ததைப் பார்த்துவிட்டுத்தான் எதிர்வீடு களத்தில் குதித்தது. அது இங்கிலாந்து.

எனக்குச் சுருக்கென்றது. நீ போய்க் கேள், நான் இருக்கிறேன் என்று கிறிஸ்டினாவை ஏற்றிவிட்டது நான். துணியை மிதித்ததும் நான்.

"அப்போ நான் யாருடி?"

"கோச்சிக்காத யக்கா. ஜெர்மனி."

மாவுக் கரண்டியைப் பாத்திரத்தில் போட்டுவிட்டு, எழுந்து போ என்றேன். ஏன் கோபம் வராது? சண்டை போட்டது அத்தனை பேர், பழி என் ஒருத்தி தலையில். அந்தக் கலவரத்தில் உடைந்த குடத்துக்கெல்லாம் நான்தான் புதுசு வாங்கித் தந்தேன். லாரி எப்போது வந்தாலும் என் குடம் கடைசியில்தான் நிற்க வேண்டும் என்று தெருவே கூடி முடிவு பண்ணியது. கிறிஸ்டினாகூட வாய் திறக்கவில்லை. அன்றிலிருந்து லாரியின் அடித் தண்ணீர்தான் எனக்கு. பல நாள் அதுவும் கிடையாது.

இரண்டு நாள் அவளும் வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. பரீட்சை நெருங்க நெருங்க எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. மூன்றாம் நாள் அங்கன்வாடிக்கே போய் நின்றேன். "சரி, ஜெர்மனியாவே இருந்துட்டுப் போறேன். அடுத்த பாடம் இன்னா?"

அடுத்த பாடம் போர் முடிந்து போட்ட ஒப்பந்தம். வெர்செய்ல்ஸ். பாக்கியம் சத்தமாகப் படித்தாள். போருக்கு ஜெர்மனிதான் பொறுப்பு, நஷ்டத்தையெல்லாம் ஜெர்மனிதான் கட்ட வேண்டும் என்று வந்த இடத்தில் குரல் இறங்கிவிட்டது. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்னிக்கி உன் கொடம் கடைசின்னப்போ நானுந்தான் யக்கா தலையாட்டுனேன்."

கம்மென்று மிச்சத்தைப் படி என்று அதட்டினேன். வேறென்ன சொல்வது?

அந்த ஒப்பந்தமே பெரிய கேள்வியாக வந்ததாம். பாக்கியம் தேறிவிட்டாள். அவள் போனில் சொன்னபோது நின்ற இடத்திலேயே முழங்கால் போட்டு மாதாவுக்கு நன்றி சொன்னேன்.

மறுநாள் காலை லாரி வந்தது. டீச்சரம்மா, டீச்சரம்மா என்று வரிசையே அவளைக் கொஞ்சியது. அவளோ கடைசிக்கு நடந்து வந்தாள். என் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் குடத்துக்கு முன்னால் வைத்தாள். முணுமுணுப்பு கிளம்பியது.

"எல்லாப் பழியையும் ஒருத்தி தலையில கட்டுனா இன்னா ஆவும்னு இப்பதான் படிச்சிட்டு வந்துகீறேன்," என்றாள். "அடுத்து ரெண்டாவது சண்டை வரும். அது மொதலாவத விடப் பெருசு. அது இந்தத் தெருவுக்கு வாணாம்."

நான் செய்தது என்ன, நாலு கேள்வி கேட்டேன், நாற்பது திட்டு திட்டினேன். அதற்குப் போய் இப்படிச் செய்கிறாளே. மகராசி, அவள் நன்றாயிருக்க வேண்டும்.

வரிசை அசையாமல் நின்றது. பிறகு மலிகா குனிந்து தன் குடத்தை ஒரு ஓரமாக நகர்த்தி எனக்கு இடம் விட்டாள். துணி மிதிபட்ட அதே மலிகா.