ஒன்பது மனைவிகளைத் தெரியாமல் கொன்றவன்

சபதினோ பத்து வருஷத்தில் ஒன்பது மனைவிகளைக் கொன்றான். ஒருத்தியைக்கூட வேண்டுமென்று கொல்லவில்லை. துடுப்பைத் திருப்பும்போது ஒருத்தி, துப்பாக்கியைத் துடைக்கும்போது ஒருத்தி, மாடியில் பூந்தொட்டியை நகர்த்தும்போது ஒருத்தி, காரைப் பின்னுக்கு எடுக்கும்போது ஒருத்தி. எல்லாம் என் பத்திரிகையில்தான். நேப்பிள்ஸில் வியாழக்கிழமை தோறும் வந்த புகைப்படக் கதை இதழ் அது. ஆட்களை நிற்க வைத்துப் படம் எடுத்து, வாய்க்குப் பக்கத்தில் வசனத்தை அச்சடித்துப் போடுவோம்.

நான் இரண்டு வருஷம்தான் பள்ளிக்கூடம் போனேன். ஒன்பது வயதில் அச்சகத்தில் தரை கூட்ட வந்தவன், ஈய எழுத்துகளை வலமிருந்து இடமாகப் பார்த்தே படிக்கக் கற்றுக்கொண்டேன். அதனால் என்ன குறைந்துவிட்டது? பட்டம் வாங்கிய பதினொரு பேர் பிறகு என்னிடம் வேலை பார்த்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. எங்கள் நாட்டில் அப்போது விவாகரத்துக்குச் சட்டம் கிடையாது. கதாநாயகன் பிடிக்காத பெண்ணுக்கு மோதிரம் போட்டாயிற்று, பிடித்தவள் எதிர் வீட்டில் அழுகிறாள். மனைவி செத்தால்தான் கதை நகரும். காய்ச்சலில் சாகவிட்டால் அவனுக்கு ஒரு பாரமும் இல்லை, மூன்றே வாரத்தில் கதை முடிந்துவிடும். வேண்டுமென்று கொல்லவிட்டால் வாசகி பத்திரிகையைத் தூக்கி எறிந்துவிடுவாள். அவன் கையாலேயே சாக வேண்டும், ஆனால் அவனுக்குத் தெரியாமல் சாக வேண்டும். அப்போதுதான் முப்பது வாரம் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பான், முப்பது வாரமும் பத்திரிகை விற்கும். இதை எந்தப் பேராசிரியரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

சபதினோ டிராமில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவன். ஒரு கிழவியின் கோழிக்கூடையை இறக்கிக் கொடுத்துவிட்டு, தான் ஏதோ தப்பு செய்ததுபோல் விழித்துக்கொண்டு நின்றான். அந்த முகத்தைப் பார்த்ததும் டிராமிலிருந்தே அவனைக் கையோடு கூட்டி வந்துவிட்டேன். நிஜத்தில் அவன் சிலந்தியைக்கூடக் காகிதத்தில் ஏந்தி வெளியே விடுகிறவன். முப்பத்தெட்டு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. கையுறை தைக்கும் அசுந்தினாவை நான்கு வருஷமாக விரும்பினான், அவளும் விரும்பினாள். அவளுடைய அம்மா தொன்னா ரெஸ்திதூத்தா எலுமிச்சைத் தண்ணீர்க் கடை வைத்திருந்தாள். அவன் தெருமுனையில் திரும்பினாலே இவள் சால்வைக்கடியில் இரண்டு விரலைக் கொம்பாக நீட்டிவிடுவாள்; ராசி கெட்டவன் எதிரே வந்தால் கேடு ஒட்டாமலிருக்க எங்கள் ஊரில் அப்படித்தான் செய்வார்கள்.

அவள் மட்டுமா? முடி திருத்துகிறவன் அவன் வந்தால் கத்தரியை மூடி வைத்தான். லாட்டரிக் கடைக்காரன் வாசலில் நிற்க வேண்டாம் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நான்கில் ஒரு நாள் அவன் என் முன்னால் வந்து உட்கார்ந்தான்.

"முதலாளி, இந்த ஈஸ்டருக்குள்ள அவங்க அம்மா சரின்னு சொல்லலன்னா அசுந்தினாவ ஜெனோவாவுல இருக்கிற மாமா பையனுக்குக் குடுத்துருவாங்க."

நான் போனால் எந்தக் காரியமும் முடியும். பெண்களைத் 'தொன்னா' என்பதுபோல், அனியெல்லோ என்ற என் பெயரையும் 'தொன்' என்ற மரியாதை இல்லாமல் ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு பெட்டி பலகாரத்தை எடுத்துக்கொண்டு, சபதினோவையும் கூட்டிக்கொண்டு போனேன்.

"தொன்னா, அது கதைம்மா. அந்தப் பொண்ணுங்க எல்லாம் படம் எடுத்து முடிச்சதும் எந்திரிச்சு ரொட்டி சாப்பிடப் போயிருவாங்க."

"கதைன்னு எனக்குத் தெரியாதா? நான் என்ன முட்டாளா?" என்றாள். "தொன் அனியெல்லோ, இந்த ஊர்ல எத்தன ஆம்பளைங்க இருக்காங்க? இவன ஏன் எடுத்தீங்க?"

"முகத்துக்காக."

"அதத்தான் நானும் சொல்றேன். அது அந்த மூஞ்சியிலதான் இருக்கு."

"ஏம்மா, இவன் கொலைகாரன் இல்லையே!"

"கொலைகாரனா இருந்தா பொண்ணக் குடுத்துருவேன். கோபம் வந்தாத்தான் கொல்லுவான், கோபம் வராம பாத்துக்கலாம். இவனுக்கு யார் மேலயும் கோபமே கிடையாது, பக்கத்துல நிக்கிறவ சாவுறா. இதுக்கு எங்க போய் மருந்து வாங்கறது?"

நாற்பது வருஷமாக எத்தனையோ பேரை வழிக்குக் கொண்டு வந்திருக்கிறேன், மேயரிடமே பேசிக் காகிதம் வாங்கியிருக்கிறேன். எழுந்து நின்று, கையை வீசி, இந்தக் கையால் எப்படி உயர்ந்தேன் என்று சொன்னேன். கை பட்டு, ஜன்னலில் தொங்கிய கூண்டு கீழே விழுந்தது. உள்ளே இருந்த குருவி செத்துப்போனது. அவளுடைய செத்துப்போன கணவன் வாங்கிக் கொடுத்த குருவி அது.

சபதினோ கதவருகில் தொப்பியைப் பிடித்தபடி அசையாமல் நின்றான். தொன்னா ரெஸ்திதூத்தா அவனைத்தான் பார்த்தாள்.

"பாத்தீங்களா?"

"தட்டுனது நான்மா! அவன் எதையும் தொடக்கூட இல்ல!"

"தொட வேணாம், நின்னாப் போதும். பத்து வருஷம் இந்தக் குருவி நல்லாத்தான் இருந்துச்சு."

தெருவுக்கு வந்ததும் சபதினோ என்னிடம் மன்னிப்புக் கேட்டான். கேட்க வேண்டியவன் நான், கேட்டவன் அவன். இப்படிப்பட்ட ஆளை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது?

மறுநாள் கதை எழுதும் லிபோரியோ வாத்தியாரைக் கூப்பிட்டேன்.

"வாத்தியாரே, பத்தாவது பொண்டாட்டிய இவன் தெரிஞ்சே கொல்லணும். கண்ணப் பாத்துக் கொல்லணும்."

"தொன் அனியெல்லோ, உங்க சொந்தச் சட்டத்த நீங்களே உடைக்கிறீங்க. வாசகிங்க நம்மள உரிச்சுருவாங்க."

"உரிக்கட்டும். கோபத்துக்கு ஒரு நல்ல காரணம் வை."

வைத்தார். மனைவி அவனுடைய அம்மாவை ஊரார் முன்னால் கேவலமாகப் பேசுகிறாள், அவன் ரொட்டிக் கத்தியை எடுக்கிறான். படம் எடுக்கும் நாள்தான் கொடுமை. சபதினோவுக்குக் கோபமுகமே வரவில்லை. பல்லைக் கடிக்கச் சொன்னால் பல்வலிக்காரன்போல் இருந்தான். முறைக்கச் சொன்னால் தூக்கத்திலிருந்து எழுந்தவன்போல் இருந்தான். மத்தியானம்வரை பிலிம் வீணானது. பொறுக்க முடியாமல், வாழ்க்கையில் எதையும் முனைந்து செய்ய வேண்டும் என்று உணர்த்துவதற்காக, ஈய எழுத்தைப் பார்த்து நான் படித்த கதையை அவனுக்குச் சொல்ல ஆரம்பித்தேன்.

"முதலாளி, போதும்! நூறு தடவ கேட்டாச்சு!" என்று கத்தியோடு திரும்பினான். அந்த முகத்தைப் படக்காரன் பிடித்துவிட்டான். எப்படியோ, எனக்கு வேண்டிய முகம் கிடைத்தது.

அந்த இதழ் வந்த வியாழக்கிழமை பட்டபாட்டைச் சொல்லி முடியாது. கட்டுக்கட்டாகத் திரும்பி வந்தது. பாதிரியார் பிரசங்கத்தில் என் பெயரைச் சொன்னார். 'என் சபதினோவை ஏன் கெடுத்தாய்' என்று ஒருத்தி எட்டுப் பக்கம் எழுதினாள். நான் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு எலுமிச்சைத் தண்ணீர்க் கடைக்குப் போனேன். தொன்னா ரெஸ்திதூத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. அசுந்தினா வசனத்தை வாசித்தாள், அம்மா படத்தைப் பார்த்தாள். கத்திப் படத்தின்மேல் விரலை வைத்தாள்.

"இங்க என்ன சொல்றா அந்தச் சிறுக்கி?"

"இவரோட அம்மாவ வேசின்னு சொல்றாம்மா."

"அப்ப நியாயந்தானே! எந்த மகன் பொறுத்துப்பான்?" அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள். "இப்பத்தான் மனுஷன் மாதிரி இருக்கான். காரணம் இருக்கு, கோபம் இருக்கு, கையில கத்தி இருக்கு. ஏண்டி, இவங்க அம்மாவ நீ ஏதும் சொல்லக்கூடாது, தெரிஞ்சுதா?"

"அவங்க செத்து இருபது வருஷம் ஆச்சும்மா."

"அப்ப பிரச்சினையே இல்ல."

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு கல்யாணம் நடந்தது. முடி திருத்துகிறவன் அவனுக்கு இலவசமாகச் சவரம் செய்துவிட்டான். என் விற்பனை பழைய நிலைக்கு வர ஒன்றரை வருஷம் ஆயிற்று, அதையும் நான்தான் தூக்கி நிறுத்தினேன். அவனுக்கு இப்போது மூன்று பிள்ளைகள், அசுந்தினா நன்றாக இருக்கிறாள்.

கல்யாண விருந்துக்கு நான்தான் முதலில் போனேன். வாசலில் தொன்னா ரெஸ்திதூத்தா நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் கை சால்வைக்கடியில் போனது.

"என்னம்மா, என்னப் பாத்தா?"

"தப்பா எடுத்துக்காதீங்க தொன் அனியெல்லோ. நேத்து ராத்திரி யோசிச்சுப் பாத்தேன். ஒன்பது பேரையும் சாகச் சொன்னது நீங்க. அந்தக் குருவியும் நீங்கதான். அது மேல உங்களுக்குக் கோபம்கூட இல்ல."

"நான்தானேம்மா இந்தக் கல்யாணத்தையே முடிச்சு வச்சேன்!"

"நல்லா இருப்பீங்க. உள்ள பொண்ணு, மாப்பிள்ள, குழந்தைங்க எல்லாம் இருக்காங்க. நீங்க ஆபீசுக்குப் போங்க, கல்யாணத்துக்குக் குடுக்கிற சர்க்கரை பாதாம நாங்களே கொண்டு வந்து தர்றோம்."

மாலையில் கல்யாணக் கோட்டோடு சபதினோதான் கொண்டு வந்தான். மேசைமேல் வைத்துவிட்டு, வழக்கம்போல் மன்னிப்புக் கேட்டான்.