பொட்டு வைத்த லேப்டாப்

எங்கள் வீட்டுக்கு இதுவரை எத்தனை போன் வந்து போயிருக்கிறது என்று போன ஆயுத பூஜை அன்று எண்ணிப் பார்த்தேன். எட்டு வரைக்கும் நினைவு வந்தது. அதற்கு மேல் நிறம்கூட ஞாபகம் இல்லை. லேப்டாப் ஒன்றே ஒன்றுதான். மகள் பன்னிரண்டாவது படித்தபோது அரசாங்கம் கொடுத்தது. அவள் விழுப்புரத்துக்கு பஸ்ஸில் போய் வந்து காலேஜ் முடித்தாள், சென்னையில் இரண்டு வருஷம் வேலை பார்த்தாள், கல்யாணம் ஆனது. இப்போது ஐந்து மாதக் குழந்தையோடு திண்டிவனத்தில் எங்களோடு இருக்கிறாள். லேப்டாப்பும் இருக்கிறது. பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில், மஞ்சள் துணி சுற்றி.

நான் கொத்தனார் வேலை செய்கிறவன். ஒன்பதாவதோடு படிப்பு நின்றது. ஆயுத பூஜைக்கு முதல்நாளே கரணை, மட்டப்பலகை, தூக்குக்குண்டு, ரசமட்டம் எல்லாவற்றையும் சிமெண்ட் போகக் கழுவித் துடைத்து, மயிலம் முருகன் படத்துக்கு முன்னால் வரிசையாக வைத்துவிடுவேன். சரஸ்வதிக்கும் அதே நாள்தான் என்பதால் லேப்டாப்புக்கும் அந்த வரிசையில் இடம் உண்டு. மூடி வைத்தால் சாமிக்கு முதுகு காட்டுகிற மாதிரி எனக்குத் தோன்றும். திறந்துதான் வைப்பேன். எல்லாச் சாமானுக்கும் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைப்பது வருஷா வருஷம் என் வேலை. வைத்த பொட்டை நாமாகத் துடைக்கக் கூடாது, தானாக உதிர வேண்டும் என்பதும் என் வழக்கம்.

அன்றைக்கு விழுப்புரத்திலிருந்து மாப்பிள்ளை வந்திருந்தார். பைக் ஷோரூமில் வேலை. கையில் புதுப் போன். பூஜையைப் படம் எடுப்பதற்காக என்னை இடத்தைவிட்டு நகர்த்திக்கொண்டே இருந்தார்.

“இத இன்னுமா மாமா வச்சிக்கினு இருக்கீங்க? ஒயரப் புடுங்குனா உசுரு போயிடுது. இதுக்கு மாலை வேற.”

“உங்க பழைய போன் எங்க மாப்ள?”

“அதக் குடுத்துதான மாமா இத எடுத்தேன்.”

“அதுக்கு முந்துனது?”

“அதையும்தான்.”

அடுப்படியிலிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். “அவரக் கேக்காதீங்க மாப்ள. கரணையப் பாருங்க, தேஞ்சி தேஞ்சி தோசத்திருப்பி ஆயிப்போச்சி. அதையே மாத்த மாட்டேன்றாரு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. சந்தனக் கிண்ணத்தோடு அவர் பக்கம் திரும்பினேன். “போன இப்படிக் குடுங்க. அதுக்கும் ஒரு பொட்டு வச்சிடறேன்.”

“ஐயோ மாமா!” என்று போனை மார்போடு சேர்த்துக்கொண்டார். “லென்ஸ்ல ஒட்டிக்கும். அப்புறம் ஒண்ணும் தெரியாது.”

சரிதான் என்று விட்டுவிட்டேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும்.

ஆனால் அவர் கேட்ட கேள்வி மட்டும் மனசிலேயே நின்றது. போனை ஏன் சட்டை மாற்றுகிற மாதிரி மாற்றுகிறோம்? ஓடாத லேப்டாப்பை ஏன் யாரும் தூக்கிப் போடுவதில்லை? எங்கள் வீட்டில் மட்டும்தான் இப்படியா என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தது. போகிற இடத்திலெல்லாம் கேட்டேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் போன் கடை வைத்திருப்பவர், “போன்னா எக்சேஞ்சுல எடுத்துக்குவோம்ணே. லேப்டாப்ப ஆரு கேக்கறா?” என்றார். அது கடைக்காரர் கணக்கு. எனக்கு அது போதவில்லை.

ஒலக்கூர்ப் பக்கத்திலிருந்து எங்களோடு வேலைக்கு வரும் ஒரு சித்தாளம்மாவின் பையனுக்கும் அதே மாதிரி லேப்டாப் கொடுத்திருந்தார்கள். பீரோவில் கல்யாணப் புடவைக்கு அடியில், மார்க் ஷீட்டோடு வைத்திருக்கிறாராம். “எங்க வம்சத்துல பன்னெண்டாவது தாண்டுனது அவன் ஒருத்தன்தாண்ணா. நாளைக்கு எவனாச்சும் இல்லன்னு சொன்னா எடுத்துக் காட்ட வாணாமா?” என்றார்.

எதிர்வீட்டு அம்மா சர்ச்சுக்குப் போகிறவர். அவர் வீட்டில் லேப்டாப் பைபிளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. “உள்ள கிறிஸ்மஸ் போட்டோ எல்லாம் இருக்குதுங்க” என்றார்.

“எடுத்துப் பாப்பீங்களா?”

“எங்கங்க பாக்கறது? மூணு வருசமா ஆன் ஆனாத்தான?”

பழைய இரும்பு, பேப்பர் எடுக்க வண்டியில் வருகிறவரையும் நிறுத்திக் கேட்டேன். “எடைக்குத்தான் எடுப்பேன் பெரியவரே, தராசுல வைங்க” என்றார். நான் ஒன்றும் கொண்டுவரவில்லை, சும்மா கேட்டேன் என்றதும் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். எங்கள் லேப்டாப்பின் மூடியில் அரசாங்க முத்திரை இருக்கிறது. முத்திரை என்றால் கோபுரம். கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்று கேட்டு வளர்ந்தவன் நான். அந்தக் கோபுரத்தைக் கொண்டுபோய்த் துருப்பிடித்த ஆணியோடு தராசில் வைக்க என் கை வராது.

இப்படி நான் ஊரைக் கேட்டுக்கொண்டிருந்த சமயத்தில்தான் மகளுக்கு அந்தச் செய்தி வந்தது. வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை. அதற்கு எழுதிப் போட்டிருந்தாள். மறுநாள் காலை பத்து மணிக்கு முகம் பார்த்துக் கேள்வி கேட்பார்களாம். ஒரு நிபந்தனை: போனில் வரக் கூடாது, கம்ப்யூட்டரில்தான் வர வேண்டும்.

குழந்தை வயிற்றில் வந்ததும் சென்னை வேலையை விட்டவள் அவள். விட்ட நாளிலிருந்து அவள் வாய்விட்டுச் சிரித்து நான் அதிகம் பார்க்கவில்லை. “இது கெடச்சா பாப்பாவ வுட்டுட்டு எங்கயும் போக வேணாம்பா. இதுவும் போச்சின்னா பாப்பா பெருசாகற வரைக்கும் மூணு நாலு வருசம் வூட்லதான் கெடக்கணும். அப்புறம் ஆரு கூப்புடுவா?” என்றாள். எனக்கு அந்த வேலையின் பெயர்கூடப் புரியவில்லை. அவள் முகம் புரிந்தது.

மஞ்சள் துணியை அவிழ்த்து லேப்டாப்பை எடுத்து வைத்தோம். கொஞ்ச நேரம் யோசித்து, இரைந்து, உயிர் வந்தது. முருகா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். சரியாக இருக்கிறதா என்று பார்க்க விழுப்புரத்தில் இருந்த மாப்பிள்ளையைக் கூப்பிட்டாள். அவர் முகம் இங்கே பளிச்சென்று வந்தது.

“இன்னாடி, உன் மூஞ்சே தெரியல! ஒரே கருஞ்செவப்பா இருக்குது. உங்க அப்பா கற்பூரம் கிற்பூரம் காட்டிட்டாரா?”

அவள் அதை இதைத் தட்டினாள். நிறுத்தித் திரும்பப் போட்டாள். அப்படியேதான் இருந்தது. பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“கேமரா போயிடிச்சிப்பா.”

“கேமராவா? அது எங்கம்மா இருக்குது இதுல?”

அவள் விரலை நீட்டிக் காட்டினாள். திரைக்கு மேலே, விளிம்பில், நட்டநடுவே.

என் பொட்டு இருந்த இடம்.

அந்த இடத்தில் சின்னதாக ஒரு வட்டம் இருந்ததை நான் முதல் வருஷமே பார்த்திருக்கிறேன். நெற்றி மாதிரி இருக்கிறதே, பொட்டுக்கென்றே விட்டிருக்கிறார்கள்போல என்று சந்தோஷப்பட்டேன். அளவு எடுக்காமல் நடு பிடிக்கிற கை என்னுடையது. வருஷம் தவறாமல், ஒரு நூல் இப்படி அப்படி விலகாமல் வைத்திருக்கிறேன். காலேஜ் பாடம் வீட்டிலிருந்தே நடந்த காலத்தில்கூட அவள் எல்லாவற்றையும் போனில்தான் பார்த்தாள். அதனால் அந்த வட்டத்தை யாரும் தேடவில்லை.

மகள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பொட்டைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “ப்பா...” என்று மட்டும் சொல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

“இன்னா எல்லாரும் கல்லாட்டம் உக்காந்துக்கினு இருக்கீங்க? தொடைச்சி விடுங்க” என்றார் மாப்பிள்ளை திரைக்குள்ளிருந்து.

“வெள்ளிக்கெழமையும் அதுவுமா பொட்ட அழிக்கிறதா?” என்றாள் என் மனைவி. மடியிலிருந்த குழந்தையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள். “சாமிக்கு முன்னாடி வச்சதுங்க அது.”

எனக்கும் கை எழவில்லை. நல்லது நடக்க வேண்டும் என்றுதான் வைத்தேன். மகள் ஒரு நல்ல காரியத்துக்குப் போகிற நேரத்தில், பெற்ற அப்பனே பொட்டைத் துடைப்பதா? பூஜை அலமாரியைப் பார்த்தேன். முருகன் நெற்றியில் போன கிருத்திகைக்கு வைத்த சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. அதைப் பார்த்ததும் புத்தியில் பட்டது. மயிலத்தில் அபிஷேகம் ஆகும்போது குருக்கள் பழைய சந்தனத்தையெல்லாம் எடுத்துவிட்டுத்தானே புதுசு சாத்துகிறார்? சாமிக்கே அது குறை இல்லை என்றால், இதற்கு என்ன வந்தது?

“அழிக்கலம்மா. அபிசேகம்னு வச்சிக்க” என்றேன். மனைவி முணுமுணுத்தாள். தடுக்கவில்லை.

குழந்தைக்கு வைத்திருந்த பஞ்சைத் தண்ணீரில் நனைத்து, ஒட்டப் பிழிந்து, அந்த இடத்தில் ஒற்றி வைத்தேன். மகள் நகத்தால் சுரண்டப் போனாள். நான் விடவில்லை. டைல்ஸில் காய்ந்த சிமெண்டைச் சுரண்டினால் கீறல் விழும். ஊற வைத்துத்தான் எடுக்க வேண்டும். பொறுமை இல்லாதவன்தான் கல்லைக் கெடுப்பான். கால் மணி நேரம் கழித்துத் தீக்குச்சி முனையில் பஞ்சு சுற்றி ஓரத்திலிருந்து கிளப்பினேன். குங்குமம், அதற்கடியில் சந்தனம், மறுபடியும் குங்குமம், மறுபடியும் சந்தனம் என்று பூச்சு பூச்சாக வந்தது. கடைசிப் பூச்சு வந்தபோது உள்ளே கண் மாதிரி கறுப்பாக ஒன்று பளபளத்தது. எடுத்த பொடியைக் கீழே சிந்தவிடாமல் என் மனைவி வெற்றிலையில் வாங்கி, துளசிச் செடிக்கு அடியில் போட்டாள்.

“இப்பத் தெரியுதுங்களா?” என்று மகள் கேட்டாள்.

“தெரியுது. அழுது மூஞ்சி வீங்கிப்போயிருக்குது. போய்க் கழுவு” என்றார் மாப்பிள்ளை.

மறுநாள் அவர் காலை ரயிலிலேயே வந்துவிட்டார். நெட்டு அவருடைய புதுப் போனிலிருந்துதான் வர வேண்டும், வேறு எதிலும் அந்த வேகம் இல்லை. ஜன்னல் ஓரத்தில் போனை வைத்து, யாரும் தொடக் கூடாது என்றார். தொடக் கூடாது என்றது அவருக்கும் சேர்த்துத்தான். ஒரு மணி நேரம் போன் இல்லாமல் அவரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தார். கடைசியில் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கும் கிணற்றுக்கும் நடந்தார்.

என் வேலை பிளக்கைப் பிடிப்பது. சுவரில் அது லேசாக ஆடும். ஆடினால் லேப்டாப் நின்றுவிடும். நான் மேஜைக்கு அடியில் குத்துக்காலிட்டு, பிளக்கைக் கையால் அழுத்தியபடி உட்கார்ந்தேன். மேலே மகள் இங்கிலீஷில் பேசிக்கொண்டே இருந்தாள். ஒரு வார்த்தை புரியவில்லை. அவள் கால் மட்டும் எனக்குத் தெரிந்தது. முதலில் கட்டைவிரலைத் தரையில் தேய்த்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் அது நின்றது. பிறகு மேலே அவள் சிரித்த சத்தம் கேட்டது. அப்போதுதான் நான் மூச்சு விட்டேன். கை மரத்துப்போயிருந்தது தெரிந்தது.

வேலை கிடைத்துவிட்டது. ஆபீசிலிருந்து புது லேப்டாப் பெட்டியில் வந்து இறங்கியது. மெல்லிசாக, ஒயர் இல்லாமலே ஓடுகிறது. மாப்பிள்ளை அதைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, “இனிமேயாவது அதத் தூக்கிப் போடலாம் இல்ல மாமா?” என்றார். நான் பதில் சொல்லுமுன் மகள் பழையதை எடுத்து, மஞ்சள் துணியைச் சுற்றி, கீழ்த்தட்டில் வைத்துவிட்டாள்.

என் கேள்விக்கு அதுதான் பதிலா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. சித்தாளம்மாவுக்கு அது சாட்சி. எதிர்வீட்டம்மாவுக்குப் போட்டோப் பெட்டி. எனக்குப் படுவது இவ்வளவுதான்: எங்கள் வீட்டில் போன் ஒருநாளும் அந்த வரிசையில் உட்கார்ந்தது இல்லை. பூஜை நடக்கும்போதும் அது கையில் இருந்துகொண்டு படம் எடுக்கிறது. அதனால் அதற்குப் பொட்டு விழவில்லை. பொட்டு வாங்காத சாமான் வந்த வழியே போய்விடுகிறது.

புதுசுக்குப் பொட்டு வைக்கச் சந்தனம் குழைத்தபோது மகள் என் கையைப் பிடித்தாள். “மூடி மேல வைப்பா. உள்ள வாணாம்.” சரி என்று மூடியின் நடுவில் வைத்தேன்.

போன வாரம் மத்தியானம் அவள் வேலையை முடித்துக் குழந்தைக்குப் பால் கொடுக்க உட்கார்ந்தாள். அதற்கு முன்னால் தன் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, புது லேப்டாப்பின் கேமரா மேல், நட்டநடுவே ஒட்டினாள்.

“இன்னாம்மா, நீயே வைக்கிற?” என்றேன்.

“ஆராச்சும் தெரியாமக் கூப்புட்டா வூடே தெரியும்பா. வேணும்னா எடுத்துக்குவேன், வேணான்னா வச்சிக்குவேன்” என்றாள் சிரித்துக்கொண்டே.

கிட்டே போய்ப் பார்த்தேன். ஒரு நூல்கூட விலகவில்லை.