பூவிட்ட பீர்க்கம் பந்தல்

எங்கள் அடுக்குமாடிப் பூங்காவில் 'பெர்கோலா' என்ற பெயரில் நான்கு சிமென்ட் தூண்கள் நிற்கின்றன. மேலே குறுக்குச் சட்டங்கள். நடுவே வெயில் தாராளமாக இறங்கும். ஒரு கொடி ஏற்றுங்கள் என்று குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது. போன வாரம் ஏற்றிவிட்டார், பிளாஸ்டிக் கொடி! "இலை கொட்டாது, பூச்சி வராது சார்" என்கிறார். நிழலும் வராதே என்றால் நான் வம்புக்காரன். நீங்களே சொல்லுங்கள், எரிச்சல் வருமா வராதா?

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் முதன்முதலில் வேலை பார்த்த, போல்ட்டுக்குப் போடும் வாஷர் செய்கிற பட்டறையில் நிஜப் பந்தல் இருந்தது. வாஷர் அடித்து மிஞ்சிய தகடு முழுக்க வட்ட வட்ட ஓட்டையாக இருக்குமே, அந்தத் தகடுகளையே கம்பியால் பிணைத்துப் பீர்க்கங்கொடி ஏற்றியிருந்தார்கள். ஆண்கள் டீக்கடைப் பக்கம் போய்விடுவோம். தகட்டில் வாஷர் அடிக்கும் பிரஸ் மெஷினை ஓட்டிய பெண்களுக்கு உட்கார்ந்து சாப்பிட அதை விட்டால் வேறு இடம் கிடையாது. காய் பறிக்கும் சாக்கில் நானும் அங்கேயே சுற்றியது வேறு கதை.

முதலாளிக்கோ அந்த இடத்தில் ஷெட் போட ஆசை. "காய் ஓயட்டும், பிரிச்சிடலாம்" என்றார். பூவும் பிஞ்சுமாக இருக்கிற கொடியில் கை வைக்க அவருக்கு மனசு வராது. பிரஸ் ஓட்டிய சரசக்கா அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஒரு கொடி முற்றும் முன்பே தூணடியில் அடுத்த விதையை ஊன்றிவிடுவார். காய் எங்கே ஓய்வது?

"இன்னா சரசு, இது முடியவே முடியாதா?"

"பூ வுட்டுகினே கீது மொதலாளி, நான் இன்னா பண்றது?"

முதலாளி தலையில் அடித்துக்கொண்டு, வீட்டுக்கு நாலு காய் பறித்துப் போவார். வருஷக்கணக்கில் இப்படியே ஓடியது.

பிறகு பந்தல் இருந்த முன்பக்க இடத்தை விற்றுவிட்டார். வாங்கியவர் ஒரு சாயங்காலம் ஜேசிபி அனுப்பினார். பீர்க்கம்பூ விரிகிற நேரம்; பந்தல் முழுக்க மஞ்சள். சரசக்கா குறுக்கே ஓடினார்.

"பூ கீதுப்பா! பூ கீது!"

"அதுக்கு இன்னாம்மா? ஓரம் போ."

ஓட்டுநர் கெட்டவர் இல்லை. பூ இருந்தால் என்ன என்பது அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. எனக்கு ஆத்திரமெல்லாம் முதலாளி மேல்தான், இன்றுவரை ஆறவில்லை. அவர் ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார்.

மறுநாள் மதியம் அந்தப் பெண்கள் பிரஸ் மெஷின் பக்கத்தில் நின்றபடியே சாப்பிட்டார்கள்.