புதைமேட்டில் ஒரு தூக்குக்குண்டு

என் அக்கா புருஷன் கொத்தனார். முப்பது வருஷமாக யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் சுவரைத்தான் விசாரிப்பார், அப்புறம்தான் ஆட்களை. ஒற்றைக் கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, "கட்டினவன் அன்னைக்கு வீட்ல சண்டை போட்டுட்டு வந்திருக்கான்" என்பார். அவரோடு போன எந்த வீட்டிலும் எங்களை இரண்டாம் தடவை கூப்பிட்டதில்லை. தூக்குக்குண்டு என்று நான்தான் அவருக்குப் பேர் வைத்தேன். சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்க நூலில் தொங்கவிடும் அந்த இரும்புக் குண்டு எப்போதும் அவர் சட்டைப் பையில் கிடக்கும். சட்டையே ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும்.

அப்படிப்பட்ட மனுஷர், சொந்த மகள் வீட்டுச் சமையலறைச் சுவரைக் கோணலாக எழுப்பிவிட்டார். மழைக்கு முன்னால் முடிக்கிற அவசரம். அன்றைக்குப் பார்த்துக் குண்டைத் தொங்கவிடாமல் கண்ணை நம்பிவிட்டார். ஏழாவது வரிசையிலிருந்து சுவர் வயிறு தள்ளி நின்றது. மகள் கடிந்து ஒரு வார்த்தை பேசவில்லை. "பிரிச்சுக் கட்டிடலாம்ப்பா" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். கொத்துக் கரண்டியைக் கழுவி, பழைய துணியில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டார். மூன்று வாரமாக மகள் வீட்டுப் பக்கமே போகவில்லை. கடைசியில், திங்கட்கிழமை வேறொரு கொத்தனார் வருவதாக மகள் போனில் சொல்லிவிட்டாள்.

"வேற ஆள் அந்தச் சுவத்துல கை வெச்சா இவரு அப்புறம் எந்திரிக்கவே மாட்டாரு. எங்கயாவது கூட்டிட்டுப் போடா" என்றாள் அக்கா. அன்று ஞாயிறு. மாறாமல் ஒரே பஸ்ஸில் போகக்கூடிய இடம் பழங்காலப் புதைமேடு ஒன்றுதான். மனசு சரியில்லாதவரைப் பிணம் புதைத்த இடத்துக்கா கூட்டிப்போவது என்று என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

வயல்களுக்கு நடுவே புல் மூடிய மேடு. குனிந்து உள்ளே போனால் கல் அறை. சிமெண்டும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. தட்டைக் கற்களை வெறுமனே அடுக்கிச் சுவர் எழுப்பி, மேலே போகப்போக உள்பக்கம் நீட்டிக் கூரையாக மூடியிருந்தார்கள். டார்ச்சோடு வந்த வழிகாட்டி அம்மா ஒப்பிக்கத் தொடங்கினார்.

"நாலாயிரம் வருஷம். ஒரு கல்லுகூட மயிரிழை பிசகல."

அத்தான் மூன்று வாரத்தில் முதல் தடவையாக ஒற்றைக் கண்ணை மூடினார்.

"லைட்டை இங்க காட்டுங்கம்மா. இந்தக் கல்லு பிசகியிருக்கு."

"ஒம்பது வருஷமா இங்க நிக்கிறேன் சார். பெரிய பெரிய படிப்பாளிங்க வந்து பார்த்திருக்காங்க."

"அவங்க கல்லு தூக்கியிருக்க மாட்டாங்க."

குண்டு வெளியே வந்தது. சுவரைத் தொடக் கூடாது என்று அந்த அம்மா பதறினார். தொடாமலே நூலைத் தொங்கவிட்டார் அத்தான். இடுப்பு உயரத்தில் ஒரு கல் இரண்டு விரல் முன்னால் துருத்திக்கொண்டு நின்றது. நாலாயிரம் வருஷத்துக்கு முந்தியவனுக்கும் சண்டைக்காரன் பட்டம் கிடைக்கப்போகிறது என்று நினைத்தேன். அவரோ தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மாப்ளே, இதைப் பாரு. இதுக்கு அடியில சில்லு சில்லா ஆப்பு வெச்சிருக்கான். மேல உள்ள கல்லை மட்டும் நீளமா எடுத்து, உள்ள இழுத்துப் பிடிச்சிருக்கான். பிசகினதை அவனே பார்த்திருக்கான்."

அந்தச் சில்லுகளை விரல் படாமல் ஒவ்வொன்றாக எண்ணினார்.

"பார்த்துட்டு ஓடிப் போகல."

"அப்ப நான் இனிமே என்ன சொல்றது சார்?" என்றார் அந்த அம்மா, குரலே இறங்கிப்போய்.

"ஒண்ணு பிசகிச்சு, சரி பண்ணிட்டாங்கன்னு சொல்லுங்க. கேக்குறவங்களுக்கும் தெம்பா இருக்கும்."

திரும்பும்போது பஸ்ஸில், "பொண்ணுக்குப் போன் போடு" என்றார். மணி அடிக்கும்போதே என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

"நாளைக்கு வர்ற ஆளை வர வேணாம்னு சொல்லிடும்மா. நான் வரேன்."

பழைய போன். அவள் பேசியது எனக்கும் கேட்டது.

"நான் யாரையும் கூப்பிடலப்பா, சும்மாதான் சொன்னேன். நீங்க வருவீங்கன்னு மூணு வாரமா தினமும் காலையில செங்கல்லை நனைச்சு வெச்சிட்டிருக்கேன்."

அத்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ரொம்ப ஊற விடாதம்மா" என்றார்.