மாமனார் பாஸ் பண்ணிய அரிசி

என் மாமனாரின் குத்தூசி எங்கள் சிட்லபாக்கம் வீட்டுக் கூடத்தில், குடைக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும். மூட்டையைப் பிரிக்காமல் அதைக் குத்தி இழுத்தால் கொஞ்சம் அரிசி அதன் குழிவில் வந்து நிற்கும். தாம்பரத்துக்கு வெளியே, ரேஷன் கடைகளுக்கு அரிசி அனுப்பும் கிடங்கில் அவர் தர ஆய்வாளர். அவர் கையெழுத்துப் போட்டால்தான் லாரியிலிருந்து மூட்டை இறங்கும். அதோடு விட்டிருந்தால் எனக்கு ஒன்றுமில்லை. தான் பாஸ் பண்ணிய அரிசியைத்தான் தன் வீட்டிலும் பொங்க வேண்டும் என்று ஒரு சட்டம் வைத்திருந்தார். "ஊருக்கு ஒண்ணு, நமக்கு ஒண்ணு கிடையாதும்மா" என்பார். கல்யாணமான புதிதில் என் அப்பா ஒரு மூட்டை பொன்னி அரிசி கொண்டுவந்து இறக்கினார். அவருக்குக் காபி கொடுத்து, ஊர்க்கதையெல்லாம் பேசி, வந்த ஆட்டோவிலேயே மூட்டையைத் திருப்பி ஏற்றி அனுப்பினார் இந்த மனிதர். என் அப்பாவின் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன் என்று ஒரு நிமிஷம் யோசித்தாரா?

எண்பதுகளின் கடைசியில், நான் முழுகாமல் இருந்த சமயம், கிடங்குக்கு ஒரு லோடு வந்தது. பழுப்பேறிய அரிசி, மக்கல் வாடை, வண்டு வேறு. தீபாவளி நெருங்குகிறது, கடைகளில் இருப்பு இல்லை, பேசாமல் இறக்குங்கள் என்று மேலதிகாரி நெருக்கியிருக்கிறார். இவரும் கையெழுத்துப் போட்டுவிட்டார். போட்டவர், வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு நல்ல அரிசி வாங்கிப்போட வேண்டியதுதானே. அந்த அரிசியையே வாங்கிவரச் சொன்னார். தப்பாகக் கையெழுத்துப் போட்டதற்குத் தண்டனையாம். எத்தனை முறை களைந்தாலும், உலை கொதித்ததும் வாடை வீடு முழுக்கப் பரவும். எனக்குக் குடலே வெளியே வந்துவிடும்போல இருக்கும். பிள்ளைத்தாச்சிக்கு மட்டுமாவது அண்ணாச்சி கடையில் பொன்னி வாங்கலாமே என்று மாமியார் கேட்டுப் பார்த்தார். கூடாது என்றுவிட்டார். என் கணவரோ பேப்பருக்குள் தலையை நுழைத்துக்கொண்டார்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் நானே கேட்டேன்.

"பாஸ் பண்ணது நீங்க மாமா. தண்டனை என் வயித்துக்கா?"

மறுநாள் காலையில் அவரே போய் எல்லோருக்கும் பொன்னி வாங்கிவந்தார். தனக்கு மட்டும் அந்த அரிசியைத் தனியாகப் பொங்கச் சொன்னார். காஸ் சிலிண்டருக்குத் தவம் கிடந்த காலத்தில் தினம் இரண்டு உலை. அதையும் செய்தோம்.

சில மாதங்களில் அதே வாடையோடு இன்னொரு லோடு வந்தது. இந்த முறை கையெழுத்துப் போடவே மாட்டேன் என்றுவிட்டார். ராமநாதபுரத்துக்கு மாற்றல் வந்தது. ரத்தக்கொதிப்புள்ள மனிதர், ரிட்டையராகவும் அதிக நாள் இல்லை. எனக்கோ நிறைமாதம், ஆஸ்பத்திரிக்கு அலைய வீட்டில் ஓர் ஆள் குறைந்தது. "உன் வாய்தாம்மா" என்றார் மாமியார். கையெழுத்துப் போட்டாலும் எங்கள் தலையில் விடிந்தது, போடாவிட்டாலும் எங்கள் தலையில்தான் விடிந்தது.

அவர் இடத்துக்கு வந்த ஆய்வாளர், இவர் தள்ளிய லோடை அப்படியே இறக்கிக்கொண்டார். அது எங்கள் தெரு ரேஷன் கடைக்கே வந்தது என்று கடைக்காரரே சொன்னார். மாமியார் பழக்கதோஷத்தில் வாங்கிவந்து, பையைப் பிரித்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டார். எருமைக்காவது ஆகட்டும் என்று பால்காரம்மாவிடம் கொடுத்துவிட்டோம். மறுநாள் பால் ஊற்றும்போது அவள் சொன்னாள்.

"இன்னாம்மா அரிசி அது? கஞ்சி காச்சி வச்சா, எருமை மோந்து பாத்துட்டு மூஞ்ச திருப்பிகினு பூடுச்சு."

குழந்தையைப் பார்க்க மாமனார் லீவில் வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். தட்டில் பொன்னியைப் பார்த்துவிட்டு, ரேஷன் அரிசி வாங்கவில்லையா என்று கேட்டார். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தள்ளிய லோடே வந்ததையும், எருமை அதைத் தொடாததையும்.

சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். "அப்ப எருமையை எந்த ஊருக்கு மாத்தினாங்க?"

மாமியார் விழுந்து விழுந்து சிரித்தார். பேப்பரை இறக்கிவிட்டு என் கணவரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் வயிறுதான் எரிகிறது. எருமைக்கு வைக்கோல் இருந்தது. எங்கள் தெருவிலேயே ரேஷன் அரிசியை விட்டால் வேறு கதியில்லாத வீடுகள் இருந்தன. அவர்கள் அந்த மாதம் முழுக்க அதைத்தான் பொங்கித் தின்றார்கள்.