அத்தை படிக்கப் போன நண்டு

எங்கள் வீட்டில் எந்தப் பெரிய காரியமும் அம்பர்நாத்திலிருந்து பெரியப்பா வந்து தலையாட்டினால்தான் நடக்கும். தாராவியில், மேலே தகரம் போட்ட ஒற்றை அறையில், அப்பா, அம்மா, நான், அப்பாவின் கடைசித் தங்கையான அத்தை என்று நாலு பேர் இருந்தோம். அத்தை அந்த வருஷம்தான் எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்திருந்தாள். அடுத்தது கல்யாணம்தான் என்பது பெரியப்பாவின் கணக்கு.

அத்தையின் கணக்கு வேறாக இருந்தது. ஊட்டிப் பக்கம் ஒரு மலையில், வானத்திலிருந்து கொட்டும் துகள்களைப் பிடிக்கும் கருவிகளை நாற்று நட்டதுபோல் வரிசையாகப் பரப்பி வைத்திருக்கிறார்களாம். அங்கே ஆராய்ச்சி செய்ய அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது. அந்த வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். அப்பாவிடம் கேட்டால், "அண்ணன் வந்து சொல்லட்டும்" என்று நழுவிக்கொண்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் அப்பாவின் போன் அடித்தது. பக்கத்தில் யாரும் இல்லாததால் நான் எடுத்தேன்.

"ஏட்டி, ஒங்க அத்த ஊட்டியில என்னத்த படிக்கப் போறாளாம்?" என்று கேட்டார் பெரியப்பா.

எனக்கு நன்றாகத் தெரியும். அத்தை தன் சிநேகிதியோடு போனில் பேசுவதை நான் தினமும் கேட்டுக்கொண்டுதானே இருந்தேன். 'க்ராப்புல இருந்துதான் வருது', 'மொதல்ல க்ராப்பத்தான் பாப்பாங்க' என்று ஒரே க்ராப் மயம். நான் இங்கிலீஷ் மீடியத்தில் மூன்றாம் வகுப்பு. அந்தப் படிப்பு சரியான நேரத்தில் கை கொடுத்தது.

"நண்டு" என்றேன்.

"நண்டா?"

"ஆமா பெரியப்பா. அதுல இருந்து என்னமோ வருதாம்."

அவர் "சரி" என்று வைத்துவிட்டார். சரியான விடை சொன்ன பெருமையில் நான் விளையாடப் போய்விட்டேன். யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தைக்கு இட்லி இறங்கவில்லை. பெரியப்பாவிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் சுவரைப் பார்த்து ஒப்பித்துக்கொண்டிருந்தாள். பெரியப்பா வந்தார். கையில் ஈரமான ஒரு பிளாஸ்டிக் பை. அது தானாக அசைந்தது.

"இந்தா, ஒனக்குத்தான். சயான் மார்க்கெட்டுல உசுரோட வாங்கினேன். நல்லாப் பாத்துப் படி" என்று பையை அத்தையிடம் நீட்டினார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, வழியெல்லாம் யோசித்து வந்ததைச் சொன்னார். "நண்டு படிக்கது நல்ல படிப்புதான். ஃபிஷரீஸ்ல கவர்மெண்ட் வேலையே கெடைக்கும். ஆனா ஊட்டியில ஏதுட்டி நண்டு? அந்தக் குளிருல அது செத்துல்லா போவும்! இங்க பாம்பேயில சுத்தி கடலாக் கெடக்கு."

அத்தை பையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் போனேன்.

நல்லவேளை, அந்த நேரம் பார்த்துப் பை கிழிந்தது. ஒரு நண்டு கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் போனது. ஒன்று கட்டிலுக்கு அடியில். இன்னொன்று வாசலைத் தாண்டிச் சந்தில் இறங்க, வெளியே பிள்ளைகள் இந்தியில் "கேக்டா! கேக்டா!" என்று கத்திக்கொண்டு ஓடின. அப்பா கட்டில்மேல் ஏறி நின்றுகொண்டார். அம்மா இடுக்கியால் சிலிண்டர் நண்டைப் பிடித்துச் சட்டியில் போட்டு மூடினாள். பெரியப்பா மண்டிபோட்டுக் கட்டிலுக்கு அடியில் தலையை விட்டார். அத்தை டார்ச்சோடு அவர் பக்கத்தில் குப்புறப் படுத்தாள். படுத்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒப்பித்து வைத்ததெல்லாம் அந்தச் சிரிப்பில் போய்விட்டது.

"அண்ணே, நான் படிக்கப் போறது வானத்துல இருக்க நண்டு."

"வானத்துலயா?"

"ஒரு நட்சத்திரம் வெடிச்சு, மிச்சம் மீதி கெடக்கு. பாத்தவன் நண்டு மாதிரி இருக்குன்னு பேரு வச்சிட்டான். அதுல இருந்து காமாக் கதிர் வருது. வேற துகளும் எங்கெங்க இருந்தோ வருதுண்ணே. ஆனா வழியில காந்தம் இழுத்து இழுத்துத் திருப்பி விட்டுருது. தாதர் ஸ்டேஷன்ல கூட்டம் தள்ளி எறங்குறவன் எங்க ஏறினான்னு சொல்ல முடியுமா? காமாவ அப்படித் தள்ள முடியாது. நேரா வரும். அது வந்த தெசையப் பிடிச்சா, பொறந்த எடத்தக் கண்டுபிடிச்சிரலாம்."

"இப்பவும் வருதா?"

"எப்பவும் வருது. அந்தத் துகளு மேல காத்துல மோதிச் செதறி, இந்தத் தகரத்தையும் தாண்டி, நம்ம முதுகு வழியா போயிட்டுத்தான் இருக்கு."

பெரியப்பா தலையை வெளியே எடுக்காமலே கையைப் பின்னால் கொண்டுபோய் முதுகைத் தடவிப் பார்த்தார். "ஒண்ணும் வலிக்கலியே" என்றார். பிறகு, "எல்லாம் எங்கேருந்து வருதுன்னு இன்னும் யாருக்குமா தெரியாது?"

"முழுசா தெரியாதுண்ணே."

"இத்தன வருசமா தெரியாமலேயா விட்டு வச்சிருக்கானுவ!" தெருவிளக்கு எரியாததற்கு முனிசிபாலிட்டியைத் திட்டும் அதே குரல். "அப்ப நீயே போயிப் பாத்துச் சொல்லு… ஆ! அம்மா!"

நண்டு விரலைக் கவ்விவிட்டது. அப்பா கட்டில்மேல் நின்றபடியே குனிந்து, "அண்ணே, இப்ப போகச் சொன்னியளா?" என்று கேட்டார்.

"சொன்னேம்லா! மொதல்ல இத எடுங்கடே!"

அத்தை அழுதுகொண்டே நண்டின் கொடுக்கை விலக்கினாள். விரலில் கடிபட்டது பெரியப்பா, இவள் ஏன் அழுகிறாள் என்று நினைத்தேன். மத்தியானம் இரண்டு நண்டைப் பிட்டு ஐந்து பேரும் சாப்பிட்டோம். சந்துக்குப் போன நண்டு பக்கத்து வீட்டில் கொதிக்கும் வாசனை வந்தது. யாரும் கேட்கப் போகவில்லை. அன்றைக்கு எல்லாருக்கும் அவ்வளவு சந்தோஷம்.

சாயங்காலம் பெரியப்பாவை வழியனுப்ப நானும் அப்பாவும் சயான் ஸ்டேஷனுக்குப் போனோம். அப்பா டிக்கெட் வரிசையில் நின்றார். பெரியப்பா முகம் துடைக்கச் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை உருவியபோது, கூடவே ஒரு போட்டோ கீழே விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். கோட்டு போட்டு, மீசையைத் திருத்தி, பூத்தொட்டியில் கைவைத்து ஒருவர் நின்றிருந்தார்.

"யாரு பெரியப்பா இது?"

அவர் அதை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நண்டு பிடிக்காத ஆளு" என்று சொல்லி, மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டார்.

ரயில் போன பிறகும் எனக்கு அந்த மனிதரை நினைத்துப் பாவமாகவே இருந்தது. இவ்வளவு நல்ல கோட்டு போட்டிருக்கிறவர், நண்டைப் போய் வேண்டாம் என்கிறாரே.